பட்ட மரத்துக்கு ஒரு வெள்ளை வளையம்

காட்டு வேலையில் இருந்த அனைவருக்கும் அவர் வளையக்காரர். பெற்றோர் இட்ட பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிர் வைத்திருந்தது. அதை யாரேனும் உரக்கப் படித்தால், வேறு யாரையோ அழைக்கிறார்கள் என்பதுபோல் ஒரு கணம் சும்மா இருந்துவிட்டு, அதன் பிறகே கையை உயர்த்துவார். நெடிய உடல்; சற்றே கூனிய முதுகு; வலக்கை நகக்கண்களில் என்றும் போகாத வெள்ளை வண்ணம். "கைய நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்க. மரத்துக்குப் பூசினது போதும், வயித்துக்குள்ளயும் பூசிக்க வேணாம்" என்று உண்ண அமரும்போதெல்லாம் மனைவி சொல்வாள். அவரும் தேய்த்துக் கழுவிவிட்டு வருவார். வெள்ளை இருந்த இடத்திலேயே இருக்கும்.

இளமையில் அவர் செய்த தொழில் இதற்கு நேர்மாறானது. மரக் கம்பெனியின் காட்டில் எந்த மரம் விழவேண்டும் என்று குறி வைப்பவராகத்தான் அவர் சேர்ந்தார். கையில் ஒரு சிறு கோடரி. மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். அண்ணாந்து கொப்புகளைப் பார்ப்பார். உள்ளங்கையால் அடிமரத்தைத் தட்டுவார். பிறகு மார்பளவு உயரத்தில் பட்டையைச் சீவி ஒரு வெட்டு. அந்த வெட்டைப் பார்த்து அறுப்புக்காரர்கள் வருவார்கள். அவர் தொட்ட மரம் நிலைத்ததில்லை. கூற்றுவனுக்குக் கணக்குப்பிள்ளை என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் மாலையில் வீடு திரும்பும்போது, தாம் குறியிட்ட வரிசையைத் திரும்பிப் பாராமல் வருவதை ஒரு நியமமாகவே வைத்திருந்தார்.

அக்காலத்தில்தான் முத்திரை வந்தது. கம்பெனி செய்யும் முக்காலிகளையும் ஏணிகளையும் காய் நறுக்கும் பலகைகளையும் தொலைவிலிருந்த கடைகள் வாங்கிக்கொண்டிருந்தன. காட்டை அழிக்காமல் எடுத்த மரம்தான் இது என்பதற்கு என்ன சான்று என்று அந்தக் கடைக்காரர்கள் ஒருநாள் கேட்டார்கள். அரசும் சட்டமும் கேளாத கேள்வி அது. கம்பெனி நெடுநாள் யோசித்தது. பிறகு தானே வலிய ஒரு விரதத்தைத் தலைமேல் ஏற்றுக்கொண்டது. விரதம் என்ற சொல் இதற்குப் பொருந்தும். மேற்கொள்ளாதவனை யாரும் குறை சொல்வதில்லை. மேற்கொண்டபின் ஒளிந்து உண்பவனுக்கே பழி. நீரோட்டத்தின் கரைகளில் மரம் வெட்டலாகாது. வளர்வதைவிட மிகுதியாக எடுக்கலாகாது. கொடிய நஞ்சு தெளிக்கலாகாது. வெட்டுகிறவனுக்குத் தலைக்கவசம் தர வேண்டும். காட்டை அடுத்து வாழ்கிறவர்களின் குறையைக் கேட்க வேண்டும். ஆண்டுதோறும் வெளியிலிருந்து ஒரு தணிக்கையாளர் வந்து காட்டையும் ஆலையையும் சுற்றிப் பார்ப்பார். அவருக்கு எல்லாம் சரி என்று பட்டால், பச்சை இலை வடிவத்தில் ஒரு சிறு முத்திரையைப் பொருள்களின்மேல் ஒட்டிக்கொள்ளலாம்.

அந்த விதிகளுள் ஒன்று அவருடைய வாழ்வைத் திருப்பிப் போட்டது. காட்டின் ஒவ்வொரு பகுதியிலும் முதிர்ந்த மரங்கள் சிலவும், பட்டுப்போன மரங்கள் சிலவும் நின்றபடியே விடப்பட வேண்டும். பொந்தில் வாழும் பறவைகளுக்கும் உளுத்த கட்டையைத் தின்னும் பூச்சிகளுக்கும் அவைதாம் இல்லம். அப்படி நிற்க வேண்டிய மரங்களைச் சுற்றி வெள்ளை வளையம் தீட்டிவிட்டால், அறுப்புக்காரர்கள் அவற்றை அண்டமாட்டார்கள். மேலாளர் அவரை அழைத்து ஒரு கையில் வண்ணத் தகரத்தையும் மறு கையில் தூரிகையையும் கொடுத்தார். அன்று மாலை அவர் வழக்கத்துக்கு மாறாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

"கட்டின பொண்டாட்டிக்கு இத்தனை வருஷத்துல ஒரு வளையல் வாங்கித் தரல. செத்த மரத்துக்கெல்லாம் வளையம் போடறாரு" என்று அவருடைய மனைவி அண்டை வீடுகளில் சொல்லிச் சிரிக்க வைத்தாள். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

அவருக்கு ஒரே தங்கை. காட்டின் ஓரத்தில், ஆற்றங்கரைப் பகுதிக்கு எதிரே, கம்பெனி கட்டிக் கொடுத்த வீடுகளின் வரிசையில் கடைசி வீடு அவளுடையது. இரண்டு அறை, பின்னால் ஒரு சமையலறை. அடுப்பு மேடைக்கு நேர்மேலே ஓர் அகலமான சன்னல். அவள் கணவர் இயந்திர ரம்பம் பிடிக்கும் அறுப்புக்காரர். அந்த மனிதருக்கு ரம்பம் நின்றால் வாய் ஓடத் தொடங்கும். வாய் நின்றால் ரம்பம் ஓடத் தொடங்கும். உறக்கம் ஒன்றுதான் ஊருக்கு ஓய்வு என்று அவளே சொல்வாள். மச்சான் குறி வைக்க மாப்பிள்ளை சாய்க்க, இருவருக்குமிடையே அந்தத் தொழில் ஒரு பேச்சுப் போல நடந்துவந்தது.

ஆற்றங்கரைப் பகுதி பழைய நாள்களில் வரைமுறையின்றி வெட்டப்பட்ட இடம். நின்றவை பெரும்பாலும் இளமரங்கள். நடுவில் ஒன்று மட்டும், எவருடைய ரம்பத்துக்கும் எக்காரணத்தாலோ தப்பி, முதிர்ந்து, தானே பட்டு நின்றது. பட்டை முற்றும் உதிர்ந்து சாம்பல் நிறம் பூண்ட உடல். மேலே இரண்டு மொட்டைக் கொம்புகள். இடையில் ஒரு பொந்து. பொந்துக்குள் ஒரு கூகை. அந்தப் பகுதியில் வளையம் பெறத் தகுதியுள்ள பட்ட மரம் அது ஒன்றே. அதற்கு அவர் வளையம் தீட்டியபோது மாப்பிள்ளைதான் வண்ணத் தகரத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கூடவே சுற்றிவந்தார்.

"நம்ம வீட்டுக்கு எதிர்ல காவலுக்கு ஒரு ஆள் போட்டுட்டீங்க மச்சான். உங்க தங்கச்சி இனி என்னைத் திட்டறதை விட்டுட்டு இதைத் திட்டட்டும்."

அந்தக் காவலாள்தான் மாப்பிள்ளையைக் கொன்றது. அதே பகுதியில், நீரோட்டத்தின் கரையை விட்டுத் தள்ளி, நெருங்கி வளர்ந்த இளமரங்களுள் சிலவற்றை வெட்டிக் கலைக்கும் வேலை நடந்த ஒரு நண்பகல். விதிப்படி பட்ட மரத்தைச் சுற்றி, அதன் உயரத்துக்குச் சமமான தொலைவில், சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை நாடாவுக்கு வெளியேதான் அமர்ந்து சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தார். ஒரு காற்று வந்தது. பெருங்காற்றென்று சொல்ல முடியாது. மரத்தின் மேற்பகுதி முறிந்தது. நேரே கீழே விழுந்திருந்தால் நாடாவுக்குள் விழுந்திருக்கும். வரும் வழியில் மற்றொரு மரத்தில் மோதி, துள்ளி, வெளியே வந்து விழுந்தது. கூட இருந்தவர்கள் ஓடிவந்தபோது பாத்திரத்திலிருந்த உணவு சிந்தாமல் அப்படியே இருந்ததாம்.

விசாரணை முறையாக நடந்தது. தலைக்கவசம் இருந்தது, நாடா இருந்தது, அளவு சரியாக இருந்தது. எவர் பெயரிலும் குற்றமில்லை என்று மேலாளர் வந்து, உண்மையான துக்கத்தோடு, அவளிடம் சொன்னார். அவள் தரையைப் பார்த்தபடி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மரத்து பேர்லயும் இல்லையா?"

 அஃறிணைப் பொருளின்மேல் வழக்காடும் மன்றம் உலகில் எங்கும் இல்லை. அடுத்த தணிக்கையில், நாடாவின் தொலைவை இரண்டு மடங்காக்கியதற்காகக் கம்பெனிக்குப் பாராட்டு எழுதப்பட்டது.

பிறகு அவளுக்கு ஆலையில் ஒரு வேலை தந்தார்கள். சிப்பம் கட்டும் கூடத்தில், வரிசையாக வரும் பலகைகளின் மூலையில் இலை முத்திரையை ஒட்டும் வேலை. சுருளிலிருந்து ஒன்றை உரித்து, கோணாமல் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி ஒரு தேய்ப்பு. அவள் ஒட்டிய இலை ஒன்றேனும் சாய்ந்திருந்ததில்லை. காட்டில் அந்தந்தப் பகுதியில் அந்தந்த மரம் நின்றால்தான் இந்த இலை நிலைக்கும் என்று அண்ணன் ஒருமுறை அவளுக்கு விளக்கியிருந்தார். விளக்கி முடித்த பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. அவள் அதைக் கேட்டுக்கொண்டு, "அப்ப எனக்குப் படியளக்கறதும் அதுதானா" என்று மட்டும் சொன்னாள்.

காலையில் அடுப்பை மூட்டும்போது சன்னலுக்கு நேரே அது நிற்கும். மேல் முறிந்து, மொட்டைக் கொம்புகளை இழந்து, இடுப்பில் வெள்ளை வளையத்தோடு. அண்ணனின் மனைவி ஒரு திரை தைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் அதை மடித்து அலமாரியில் வைத்தாள். "நான் எதுக்கு அண்ணி மறைச்சுக்கணும்? போக வேண்டியது அது."

தணிக்கைக்கு வருபவர் ஓர் அம்மையார். அண்டை வாழ்வோரின் குறை கேட்க வேண்டும் என்ற விதிப்படி, அவர் ஆண்டுதோறும் தொழிலாளர் மன்றத்தின் சிறு அறையில் ஒரு பிற்பகல் அமர்ந்திருப்பார். யாரும் வரலாம், கதவைச் சாத்திக்கொண்டு எதையும் சொல்லலாம், கம்பெனிக்காரர் எவரும் உள்ளே இருக்கமாட்டார். சுவரில் அறிவிப்பு ஒட்டியிருந்தும் அங்கே போகிறவர் அரிது. அவள் போனாள். வளையக்காரர் வெளியே பெஞ்சியில் காத்திருந்தார்.

"என்ன சொன்னே?"

"அந்த மரத்தை எடுத்துடுங்கன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"எழுதிக்கிட்டாங்க."

மறு ஆண்டும் போனாள். அந்த அம்மையார் மறு ஆண்டும் எழுதிக்கொண்டார். கல் மனம் படைத்தவரல்லர். ஒருமுறை அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார் என்றும் தெரிகிறது. ஆனால் ஆற்றங்கரைப் பகுதியில் நிற்கும் பட்ட மரம் அது ஒன்றே. அதில் கூகை குஞ்சு பொரிக்கிறது. அதை எடுத்தால் அந்தப் பகுதி விதிக்குக் கீழே போய்விடும். ஆபத்து என்று காட்டி எடுக்கலாமா என்று வளையக்காரர் மேலாளரிடம் கேட்டுப் பார்த்தார். மேல் பாரம் போய்விட்டது, இனி அது விழாது, உண்மையில் இப்போது இந்தக் காட்டிலேயே பாதுகாப்பான மரம் அதுதான் என்றார் மேலாளர். அதைத் தங்கையிடம் சொன்னபோது அவள் கசப்பாகச் சிரித்தாள்.

"ஒருத்தரைத் தின்னதும் வயிறு நிறைஞ்சிடுச்சாக்கும்."

அவள் அந்த மரத்தை வையத் தொடங்கியது எப்போது என்று தெரியவில்லை. ஒருநாள் விடியலில் ஏதோ கொடுக்கப் போன வளையக்காரர், பின்கதவருகே அவள் குரல் கேட்டு நின்றுவிட்டார். அடுப்பில் பாலை வைத்துக்கொண்டு, சன்னலைப் பார்த்து, தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். "நிக்கறியா? நில்லு. உனக்கென்ன, வளையம் போட்ட மகராசன். வெட்ட ஆளில்லை, கேக்க நாதியில்லை." உள்ளே போகாமல் திரும்பி வந்துவிட்டார். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் ஒருநாள் அப்படிக் கேட்டார். "ராத்திரியெல்லாம் அந்தக் கூகை ஒரே கத்தல். என்னை விடு, நீயாவது தூங்கினியா? மழை வரப்போவுது, நனைஞ்சுகிட்டு நில்லு, வேற என்ன தெரியும் உனக்கு." இரண்டு பேச்சுக்கும் இடையே இருந்த வேறுபாடு அவர் செவியில் ஏறவில்லை. தங்கையின் மனம் பேதலிக்கிறது, இன்னும் தாமதிக்கலாகாது என்பது ஒன்றே அவருக்குத் தோன்றியது.

அன்றே மேலாளரிடம் போனார். "அந்த இடத்துல இன்னொரு பட்ட மரம் நின்னா, இதை எடுக்க விடுவீங்களா?"

"நின்னா விடலாம். எங்க இருக்கு?"

"உயிரோட நிக்கற ஒண்ணைப் பட்டுப்போக வைக்கறேன்."

 மேலாளர் தணிக்கை அம்மையாரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். விதியில் அதற்கு இடம் இருந்தது. பட்ட மரம் போதாத இடத்தில், உயிருள்ள மரத்தின் பட்டையை வளையமாக உரித்து, அதை நின்றபடியே சாகவிடலாம். அது முழுதும் பட்டபின், கூகை குஞ்சு பொரிக்காத பருவமாகப் பார்த்து, பழையதைச் சாய்த்துக்கொள்ளலாம். சாய்த்தது சாய்ந்த இடத்திலேயே கிடந்து மக்க வேண்டும்; அவ்வளவே.

மரத்தைத் தேர்ந்தெடுக்க அவர் மிகவும் பாடுபட்டார். அந்த இளங்காட்டில் போதிய பருமனுள்ள மரமாக வேண்டும். தங்கையின் கண்ணில் மட்டும் அது படவே கூடாது. ஆற்றங்கரையிலிருந்து பார்த்தார், வண்டிப்பாதையிலிருந்து பார்த்தார், ஆலைக்கு அவள் நடந்து போகும் ஒற்றையடிப் பாதை முழுதும் நடந்து பார்த்தார். மேட்டுச் சரிவில், பாறையை ஒட்டி, ஒடுங்கிய கிளைகளோடு நின்ற ஒன்று எங்கிருந்தும் தெரியவில்லை. அதையே முடிவு செய்தார். தங்கையிடம் ஒன்றும் சொல்லவில்லை. காரியம் முடிந்தபின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சன்னலைக் காட்ட வேண்டும் என்று எண்ணியிருந்தார்.

இத்தனை காலம் ஆயிரக்கணக்கான மரங்களுக்கு அவர் முடிவு எழுதியவர்தாம்; ஆனால் ஒன்றையும் தம் கையால் கொன்றதில்லை. குறி அவருடையது, செயல் பிறருடையது. இப்போது பாறைமேல் கால் ஊன்றி, கோடரியால் மேலும் கீழும் வெட்டிட்டு, இடையில் உள்ள பட்டையை உரித்தபோது, ஈரம் அவர் விரல்களில் ஒட்டியது. உள்மரம் அப்போதுதான் ஈன்ற குழந்தையின் உடல்போல் வெளுத்து வழவழவென்றிருந்தது. மரத்தைச் சுற்றி வளையம் இடுவதில் அவர் கை தேர்ந்த கை. அன்று அந்தக் கை அடிக்கடி பாதியில் நின்றது.

அடுத்த பருவத்தில் அந்த மரம் தளிர்த்தது.

வேர் சேமித்ததைக் கொண்டு ஒருமுறை தளிர்ப்பது வழக்கம் என்று பொறுத்திருந்தார். அதற்கடுத்த பருவத்திலும் தளிர்த்தது. இலை சற்றுச் சிறுத்திருந்தது, அவ்வளவே. செய்தி அறிந்த அறுப்புக்காரர்கள் விடவில்லை. "வளையக்காரரே, நீங்க வளையம் போட்டா சாவு கிடையாதுன்னு மரத்துக்கே தெரிஞ்சுபோச்சு" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஒரு மரத்தின் சாவை எதிர்பார்த்து மாதந்தோறும் மேடேறிப் போய் இலையை எண்ணிப் பார்க்கும் பிழைப்பு தமக்கு வாய்த்ததை எண்ணி, கடவுளிடம் எதைக் கேட்பது என்றே அவருக்கு விளங்காமல் போயிற்று. அது பட வேண்டும் என்று வேண்டவும் நா எழவில்லை. பிழைக்க வேண்டும் என்று வேண்டவும் நா எழவில்லை.

காரணத்தைப் பின்னர் கண்டுபிடித்தார். மரத்துக்கும் பாறைக்கும் இடையே கை நுழையும் அளவே இடைவெளி. அங்கே, பாசிக்கு அடியில், ஒரு விரல் அகலத்துக்குப் பட்டை அறுபடாமல் இருந்தது. மேலிருந்து கீழே உயிர் அந்த ஒற்றை விரல் வழியாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது. வளையத்தின் இரு முனைகளையும் பிசகின்றிப் பொருத்துவதையே தொழிலாகக் கொண்டவர் அதை எப்படி விட்டார்? கண் தவறியதா, கை மறுத்ததா? பாறைமேல் அமர்ந்து வெகுநேரம் யோசித்தும் அவருக்கே தெளிவாகவில்லை. கையில் கோடரி இருந்தது. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு இறங்கி வந்துவிட்டார். அடுத்த முறையும் அப்படியே சொல்லிக்கொண்டார்.

அந்த ஆண்டுத் தணிக்கை வந்தது. வழக்கம்போல் தங்கையை அழைத்துப் போக வந்தார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கிளம்பலையா?"

"இந்த வருஷம் போகலண்ணா."

"உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. போக வேணாம்னு இருக்கு. விடேன்."

அவர் மேலும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், கேட்கும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. ஆண்டுதோறும் அந்த அறைக்குள் போய் ஒரே வாக்கியத்தைச் சொல்லிவந்தவள் இன்று வாய் மூடிவிட்டாள் என்றால், அவள் நம்பிக்கையின் கடைசிக் கொழுந்தும் கருகிவிட்டது என்றே அவர் கொண்டார். ஒரு மரத்தின் மேல் இரக்கம் காட்டப்போய், உடன்பிறந்தவளைக் கைவிட்டுவிட்டோமே என்று நெஞ்சு சுட்டது. மறுநாள் மேடேறினார். பாறை இடுக்கில் கையை நுழைத்து, தடவிப் பார்த்து, அந்த ஒரு விரல் பட்டையையும் அறுத்தார்.

அதன்பின் மரம் தாமதிக்கவில்லை. பருவம் அல்லாத பருவத்தில் இலைகள் மஞ்சளித்துக் கொட்டின. சுற்றிலும் யாவும் தளிர்த்த காலத்தில் அது மட்டும் வெறும் கொம்பாய் நின்றது. மேலாளர் வந்து பார்த்து, நகத்தால் கீறி, உள்ளே பசுமை இல்லை என்று உறுதி செய்துகொண்டார். கூகையின் பருவம் கழிந்ததும் பழைய மரத்தைச் சாய்க்க நாள் குறித்தார்கள். அன்று பகலில் அது சாய்ந்த ஓசை ஆலைவரை கேட்டதாம். சிப்பக் கூடத்தில் அவள் கட்டைவிரல் ஒரு பலகையின்மேல் அப்படியே நின்றதென்றும், பிறகு அந்த இலை சற்றே சாய்ந்து ஒட்டிக்கொண்டதென்றும் உடன் வேலை செய்த பெண் பிற்பாடு சொன்னாள்.

மாலையில் அவளுக்கு முன்பே வளையக்காரர் அந்த வீட்டுக்குப் போய்ச் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். பல நாளைக்குப் பின் மனம் லேசாக இருந்தது. அவள் வந்தாள், பையைக் கீழே வைத்தாள், சன்னலுக்கு எதிரே போய் நின்றாள். சாய்ந்த வெயில் முதன்முறையாகத் தடையின்றி அடுப்பு மேடையில் விழுந்தது. 

"அண்ணா, அங்க மேட்டுல ஒண்ணு மொட்டையா நிக்குதே, அது எப்போ பட்டுச்சு?"

அவர் எழுந்து அவள் பின்னால் வந்து நின்றார். நேர் எதிரே, பழைய மரம் நின்ற வெளியைத் தாண்டி, பாறைக்கு மேலே, இலையற்ற கொம்புகளோடு அது நின்றது. காட்டின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் அவர் பார்த்திருந்தார். இந்தச் சன்னலிலிருந்து மட்டும் பார்க்கவில்லை. இங்கிருந்து பார்த்தால் பழைய மரம் ஒன்றுதான் தெரியும் என்பது அவருக்கு மனப்பாடம். அதன் பின்னால் என்ன மறைந்திருக்கிறது என்று எண்ணத் தோன்றவில்லை.

"இந்த வருஷம்."

"நோய் ஏதாவதா?"

"இல்ல. நான்தான்." சற்று நின்று, "ஏதாவது ஒண்ணு பட்டு நிக்கணுமாம். அது நின்னாத்தான் இதை எடுக்க விடுவாங்க" என்றார்.

அவள் சன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"நீதானே வருஷா வருஷம் போய்ச் சொன்னே."

"போன தடவை போகலையே."

"அலுத்துப்போச்சு, நம்பிக்கை விட்டுப்போச்சுன்னு நினைச்சேன்."

"அலுக்கலண்ணா." அவள் அடுப்பு மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "கோவம் தீர்ந்துபோச்சு. சொல்லாம கொள்ளாமப் போனவரை நான் எங்க போய்த் திட்டறது? காலைல எழுந்தா அதைத் திட்டுவேன். திட்டித் திட்டி, அப்புறம் வேற கதையும் பேச ஆரம்பிச்சேன். அது பாட்டுக்கு நின்னு கேட்டுக்கிட்டிருந்துச்சு. அவரு அப்படிக் கேட்டதே இல்ல." உதட்டோரம் ஒரு சிரிப்பு தோன்றி, அங்கேயே அவிந்தது. "அதை எடுக்க வேணாம்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் போகல."

 வளையக்காரர் மீண்டும் போய் உட்கார்ந்தார்.

"இதைத் திட்டிக்கோயேன்" என்றார், என்ன சொல்கிறோம் என்று அறியாமலே.

அவள் மேட்டைப் பார்த்தாள். "இதை என்னன்னு திட்டறது? இது என்ன பண்ணிச்சு?"

 அவள் தேநீர் வைத்துக் கொடுத்தாள், அவர் குடித்தார். விடைபெறும்போது வாசல்வரை வந்து, இருட்டுகிறது, பார்த்துப் போ என்று சொன்னாள். குரலில் சினம் இல்லை. சினம் இருந்திருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும்.

தணிக்கை அம்மையார் வர இருந்தார். அதற்குள் புதிய மரத்துக்கு வளையம் தீட்டியாக வேண்டும். வளையம் இல்லாத பட்ட மரம் விதியின் கண்ணில் இல்லாத மரம். மறுநாள் விடிந்ததும் தகரத்தையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு வளையக்காரர் மேடேறினார். வழியில், புதருக்கிடையே பழைய மரம் நீண்டு கிடந்தது. பொந்து வானத்தைப் பார்த்துத் திறந்திருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார். பாறைமேல் கால் ஊன்றி, தாம் உரித்த காயத்துக்கு மேலே, வெள்ளையைத் தீட்டத் தொடங்கினார். கை இப்போது எங்கும் நிற்கவில்லை. பாறை இடுக்கிலும் விரலை நுழைத்து விடாமல் பூசினார். மரத்தைச் சுற்றி முன்பக்கம் வந்தபோதுதான் அந்தச் சன்னல் கண்ணில் பட்டது.

கீழே, வீட்டு வரிசையின் கடைசியில், அடுப்பு வெளிச்சத்தோடு அது தெரிந்தது. அவள் உருவம் அதற்குள் நின்றது. இந்நேரம் அவள் பேசிக்கொண்டிருக்கும் நேரம். இங்கிருந்து வாய் அசைகிறதா என்று பார்க்க இயலாது. ஆயினும் அவர் தூரிகையைத் தாழ்த்திக்கொண்டு, மூச்சைப் பிடித்து, அவளையே பார்த்து நின்றார். ஏதேனும் ஒரு வசவு தம்மை நோக்கி மேடேறி வரக்கூடாதா என்றிருந்தது.

அவள் அலமாரிப் பக்கம் நகர்ந்தாள். மீண்டும் வந்தாள். கைகள் இரண்டும் மேலே உயர்ந்தன. அவர் மனைவி தைத்துக் கொடுத்து, இத்தனை நாள் அலமாரியில் மடிந்து கிடந்த அந்தத் திரை, சன்னலின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மெல்ல நகர்ந்து, வெளிச்சத்தை மூடியது.

வளையத்தின் இரு முனைகளுக்கும் இடையே இன்னும் ஒரு கை அகலம் மிச்சம் இருந்தது. அவர் தூரிகையை மீண்டும் தோய்த்து, அதையும் பூசி முடித்தார்.